கதிரேசனின் சிவப்பு ஆறு

1

லண்டன் சுங்க அலுவலகத்தில் ஓர் அதிகாரியோடு நான் மல்லுக்கட்டிய கதையில்தான் இதை ஆரம்பிக்க வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து என் தம்பி கதிரேசன் ஒரு பார்சல் அனுப்பியிருந்தான். அவன் வரைந்த ஓவியம் ஒன்றைச் சுருட்டி மூங்கில் குழாய்க்குள் செருகியிருந்தான். கப்பலில் வரும்போது அடிபட்டுவிடுமே என்று அம்மா தன் பங்குக்குச் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றை அந்தக் குழாயின் மேல் சுற்றித் தைத்துவிட்டாள். அதிகாரிக்கு அதுதான் இடித்தது. ஓவியத்துக்கு ஒரு படிவம், துணிக்கு வேறு படிவம். இது எந்த வகை என்று கேட்டார். சேலை வெறும் பேக்கிங் என்றேன். இத்தனை நல்ல துணியில் யாராவது பேக்கிங் செய்வார்களா என்றார். எங்கள் அம்மா செய்வாள் என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு ஓவியத்தை மேஜைமேல் விரித்தார். கரையில் மூன்று பெண்கள், ஒரு புளியமரம், அதற்கு அந்தப் பக்கம் குளம். குளம் நிறையச் சிவப்புத் தண்ணீர். அரக்குச் சிவப்பு, மிளகாய்ப்பழச் சிவப்பு, எங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் சிவப்பு, எல்லாம் அதில் இருந்தன.

"மேடம், இது ரத்தமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"தண்ணீர்" என்றேன். "என் தம்பி உங்கள் பக்கத்து ஓவியர் ஒருவரிடமிருந்து இந்த நிறத்தைக் கற்றுக்கொண்டான். ஃபிரான்சுக்காரர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தவர்."

சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை! அவர் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சேலையைப் பிரித்தபோது கதிரேசனின் சீட்டு ஒன்று உள்ளே இருந்தது. தை மாதம் சென்னையில் அவனுடைய முதல் தனிக் கண்காட்சி. அதற்கு ஒரு சிறு மலர் அச்சடிக்கிறார்கள். முதல் பக்கத்தில் அந்த ஃபிரெஞ்சு ஓவியரின் ஆற்றுப் படத்தைக் கலரில் போட்டு, அடியில் 'என் குருவுக்கு' என்று போட வேண்டுமாம். அந்தப் படம் வேறொரு நாட்டிலிருந்து இரவலாக லண்டன் கண்காட்சிக்கு வருகிறது என்று நான்தான் அவனுக்கு எழுதியிருந்தேன். நேரில் போய்ப் பார்த்து, அந்தப் படம் போட்ட கலர் அட்டை கிடைத்தால் வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தான்.

2

அந்தப் படத்துக்கும் எங்களுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மேற்கு ரத வீதிக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, புகையிலை லேபிள், சினிமா நோட்டீஸ், இவைதான் பிழைப்பு. மிஷின் துடைக்கவும் கட்டுக் கட்டவும் மதுரையிலிருந்து பழைய பேப்பர் மூட்டை வாங்குவார். ஐம்பதுகளின் நடுவில் அப்படி வந்த மூட்டையில் அட்டை பிய்ந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதன் பெயரும் எழுதியவர் பெயரும் எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரேசன் எனக்கு ஒன்றரை வயது இளையவன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அச்சகத்துக்கு வந்துவிடுவான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவருமாக அதைப் படித்துத் தீர்த்தோம்.

வெயிலில் உட்கார்ந்து வெளிச்சத்தையே வரைந்தவர்கள் ஒரு கூட்டம். மரம் பச்சையாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டு வண்ணத்தை அவிழ்த்து விட்டவர்கள் அடுத்த கூட்டம். உருவத்தையே மூலை மூலையாக உடைத்துப் போட்டவர்கள் அதற்கும் அடுத்தவர்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டு போவதைப் படிக்கப் படிக்க எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கடைசிக் கூட்டத்தின் கியூபிசத்தைப் படித்த வாரம் கதிரேசன் அம்மாவை உட்காரவைத்து வரைந்தான். அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்டா, எனக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கமாவா இருக்கு? இதப் பாத்தா எந்த ஊர்ல பொண்ணு குடுப்பாக உனக்கு?" என்று கேட்டாள்.

எங்களைக் கிறங்கடித்தவர்கள் நடுக்கூட்டம்தான். அவர்களுடைய வண்ணத்தைப் பார்த்துப் பயந்துபோய் 'காட்டு மிருகங்கள்' என்று பத்திரிகைக்காரர்கள் ஏசினார்களாம். ஃபாவிசம் என்று அதற்குப் பெயர். நாங்கள் அதைப் 'பாவிசம்' என்று வாசிக்க, அப்பா பேரே விளங்கவில்லையே என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் புத்தகத்தில் இருந்த படங்கள் எல்லாம் ஒரே கறுப்பு மையில் அச்சடித்தவை. வண்ணம் வெடித்தது, வண்ணம் கூவியது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். எதிரே பார்த்தால் அந்த ஃபிரெஞ்சுக்காரரின் ஆறு கறுப்பாகக் கிடக்கும்.

வேறு யாராக இருந்தாலும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நாங்கள் அச்சகத்துப் பிள்ளைகள். எங்களுக்கு ஒரு சூத்திரம் தெரியும். கலர் லேபிள் ஒன்றை மதுரைக்குக் கொடுத்தனுப்பி, போட்டோ பிடித்து, அச்சுக்கு வேண்டிய உலோகத் தகடான பிளாக்கை எடுத்து வந்தால், சிவப்பாக இருந்த இடமெல்லாம் கன்னங்கரேல் என்று கறுப்பாக விழும். நீலமாக இருந்த இடம் வெளுத்துக் காணாமல் போய்விடும். அந்த பிலிமின் குணம் அப்படி. அதனால்தான் அப்பா லேபிள் படத்தின் மேல் குறிப்பெழுத நீலப் பென்சில் மட்டும் வைத்திருந்தார். பிளாக்கில் அது விழாது. இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு புத்தகத்தின் ஒவ்வொரு படத்துக்கும் நிறம் கண்டுபிடிக்க இறங்கினோம்.

"ஆறு அம்புட்டுக் கறுப்பா விழுந்துருக்குன்னா அது செவப்புத்தான்க்கா" என்றான் கதிரேசன்.

"ஏலே, ஆறு எங்கயாச்சும் செவப்பா ஓடுமா?"

"நீலமாப் போட்டுருந்தா எதுக்கு அந்தாள மிருகம்னு ஏசப் போறாங்க?"

வீணாய்ப் போன சினிமா நோட்டீசின் பின்பக்கத்தில், மிச்ச மையைக் குழைத்து அந்த ஆற்றைச் சிவப்பாக வரைந்தோம். பாலமும் சிவப்பு. வெளுத்திருந்த வானத்துக்கு இளநீலம். காய்ந்ததும் சுவரில் ஒட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தோம். அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தைப் பிறகு என் கல்யாணத்தில்கூட நான் படவில்லை. என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார், பரவாயில்லை.

3

எனக்குக் கல்யாணமாகி, கணவர் ரயில்வே வேலைக்காக லண்டன் வர ஏற்பாடாகிக்கொண்டிருந்த காலத்தில் கதிரேசன் ஓர் ஓவியப் பள்ளியில் சேர நேர்முகத்துக்குப் போனான். அவன் கொண்டுபோன படங்களில் எல்லாம் தண்ணீர் சிவப்பு. "தம்பி, நீ எப்போதாவது தண்ணீரைப் பார்த்திருக்கிறாயா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்களாம். இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவன் தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவித் தகர டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றினான். இரண்டு வருடம் புகையிலை லேபிளைத் தவிர எதையும் வரையவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தால் வெஞ்சனம் என்னவென்றுகூடக் கேட்க மாட்டான்.

நான் கப்பலேறுவதற்கு முந்தின வாரம் அவனாகவே பரணில் ஏறி டப்பாவை இறக்கினான்.

"அந்தாளையும்தான் ஊரே ஏசுச்சு. நிறுத்துனாரா? அவரே செவப்பாப் போட்டுருக்கையில இவுக சொல்லி நான் எதுக்கு நிறுத்தணும்?" என்றான்.

முகம் தெரியாத அந்த ஃபிரெஞ்சுக்காரருக்கு அன்றைக்கு மனதாரக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் நான் கிளம்பினேன்.

பிறகு வடமதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர் ஆனான். லீவு நாட்களில் பஸ் பிடித்து குஜிலியம்பாறை, சாணார்பட்டி என்று போய்விடுவான். காட்டுவேலை பார்ப்பவர்கள் அவன் பின்னால் வந்து நிற்பார்களாம். ஒருநாள் ஒரு பெரியவர், "மழ பேஞ்ச மறுநாளு வந்து பாத்தீகளாக்கும்? எங்க கொளம் இதே நெறத்துலதான் கெடக்கும்" என்றாராம். கதிரேசன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. யார் கேட்டாலும், "இது என் சொந்தச் சரக்கு இல்ல. ஒரு பெரிய மனுசன்கிட்ட வாங்குனது" என்பான். நல்ல வாத்தியாருக்கு மாணவன் என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு அப்படி ஒரு தெம்பு.

4

போன மாதம் ஒரு சனிக்கிழமை மகள் மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு கண்காட்சிக்குப் போனேன்.

மல்லிகாவைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் அவள் மாலி. கதிரேசனைப் பற்றிப் பேச்சு வந்தால் மாமா என்று சொல்ல வராது. "உன் தம்பி" என்பாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் அவனைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஆளை எந்தப் பிள்ளை உறவு கொண்டாடும்?

மூன்றாவது அறையில் அந்தப் படம் இருந்தது. பாலத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். இரண்டு படகு, வளைந்த பாலம், கரையில் ஒரு மரம், எல்லாம் புத்தகத்தில் பார்த்த அதே இடத்தில். ஆறு மட்டும் நீலம். கருநீலம், அதற்குள் ஊதா. பாலம் கரும்பச்சை. வானம் எலுமிச்சை மஞ்சள். மரம்தான் செக்கச்செவேல் என்று இருந்தது. நாங்கள் மரத்துக்குப் பச்சை போட்டிருந்தோம்.

பெயர்ப் பலகையை இரண்டு முறை படித்தேன். வேறு படமாக இருக்கக் கூடாதா என்று அடுத்த அறை வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தேன்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ப்ளூ" என்றாள் மல்லிகா, எதற்கு இந்த அமர்க்களம் என்பதுபோல.

வாசலில் கலர் அட்டை விற்றார்கள். வாங்கிக் கைப்பையில் போட்டேன். பஸ்ஸில் வரும்போது அதை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

5

"அட்டை கிடைக்கவில்லை என்று எழுதிப் போடு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குப் பொய் வராது என்று நினைக்காதீர்கள், நன்றாகவே வரும். ஆனால் சென்னைக் கண்காட்சிக்கு வெளிநாடு போய் வந்த யாராவது வரமாட்டார்களா? நாலு பேர் நடுவில், 'சார், உங்கள் குருவின் ஆறு நீலமாயிற்றே' என்று சொன்னால் அவன் கதி என்ன? மறுபடி பரண்தான். அதற்கு நான் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றும். சொன்னால் மட்டும் பரணில் ஏறமாட்டானா என்றும் தோன்றும். இப்படியே நாட்கள் போயின. படம் திரும்பிப் போகும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

வாரம் ஒரு நாள் மாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஓவியம் கற்கிறேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாக என்னை அதில் சேர்த்துவிட்டவர் பக்கத்து வீட்டு அம்மாள். நான் வகுப்பில் இருக்கும்போது மல்லிகாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். இந்த ஊர் குளிர்ந்த ஊர் என்று நம்மவர்கள் எழுதுகிறார்கள்; எனக்குக் கிடைத்த மனிதர்கள் அப்படி இல்லை. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியையிடம் எல்லாவற்றையும் என் ஆங்கிலத்தில் கொட்டினேன். பிளாக் என்பதற்கு அவர் மரக்கட்டை என்று பொருள் கொண்டார்; அதைத் தீர்க்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

விஷயம் புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். எங்கள் புத்தகம் அச்சான காலத்தில் இங்கே எல்லா நிறத்தையும் பார்க்கும் பிலிம் வந்துவிட்டதாம். கருநீலம் அதில் கறுப்பாகவே விழுமாம். மதுரைச் சூத்திரம் மதுரைக்குத்தான் சரி.

"அந்த ஓவியர்கள் மட்டும் ஒழுங்காகப் படித்தவர்கள் என்றா நினைக்கிறாய்?" என்றார். "அவர்களுக்கு முந்தியவர்கள் ஜப்பான் படங்களைப் பார்த்துக் கற்றார்கள். பீங்கான் சாமானைச் சுற்றி வந்த தாளில் அந்தப் படங்களைப் பார்த்ததாக ஒரு கதை உண்டு. இவர்களும் பின்னால் வந்தவர்களும் ஆப்பிரிக்க முகமூடியைப் பார்த்து மலைத்தார்கள். அது எந்தச் சடங்குக்கு, யார் போட்டுக்கொள்வது, ஒன்றும் தெரியாது. ஒரு வார்த்தை புரியாமல் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் இவர்களுடையது பிறந்தது."

அன்று வீட்டுக்கு வந்ததும் திண்டுக்கல்லுக்குப் போனில் பேச டிரங்கால் பதிவு செய்தேன்.

6

டெலிபோன் ஆபரேட்டர் பெண்ணுக்குத் 'திண்டுக்கல்' வாயில் நுழையவில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. ஊரில் அப்போது மதியம் தாண்டியிருக்கும். லண்டன் கால் வரப்போகிறது என்று அச்சகத்தில் பாதித் தெரு கூடியிருந்தது இங்கேயே கேட்டது. பேச அனுமதித்ததே கொஞ்ச நேரம். அதிலும் முதலில் போனைப் பிடுங்கிக்கொண்டவர் அப்பா.

"நல்லாருக்கியா தாயி? அங்கன மழையா?"

"நல்லாருக்கேன்ப்பா. தம்பிகிட்டக் குடுங்க."

"சாப்டியா?"

"குடுங்கப்பா."

கதிரேசன் வந்தான். "அக்கா, படத்தப் பாத்தியா? அட்ட கெடச்சுதா?"

"பாத்தேன்டா. தண்ணி செவப்பு இல்ல."

"என்னா?"

"தண்ணி நீலம். பாலம் பச்ச. வானம் மஞ்ச. அவுக பிலிமு வேறயாம். நாம கண்டுபிடிச்சது அம்புட்டும் தப்புடா."

கரகரவென்று இரைச்சல். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "என்னடா சொல்றா?"

"தண்ணி நீலமாம்ப்பா."

"தண்ணி நீலமாத்தானடா இருக்கும்? இதச் சொல்லவா அங்கயிருந்து கூப்புடுறா?"

யாரோ சிரித்தார்கள். கதிரேசன் சிரிக்கவில்லை. "நல்லாப் பாத்தியாக்கா?" என்றான்.

"ரெண்டு மட்டம் பாத்துட்டேன். மரந்தான் செவப்பு."

மறுபடி இரைச்சல். பரணும் தகர டப்பாவும்தான் கண்ணுக்குள் வந்தன.

"அப்ப அந்தச் செவப்புத் தண்ணி யாரோடதுக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"உன்னோடதுடா."

"அவர் போடவே இல்லையா?"

"ஒரு பொட்டுக்கூட இல்ல. நீயாப் போட்டது. ஆரம்பத்துலருந்தே உன்னோடது."

பேசுவதற்கு இருந்த நேரம் முடியப்போகிறது என்று நடுவில் ஆபரேட்டர் பெண் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா" என்றான் கதிரேசன். குரல் மாறியிருந்தது. "மலர்ல அவர் படத்தப் போடல. ஆனா பேரு போடுவேன். அவர நம்பித்தான இம்புட்டுத் தூரம் வந்தேன்? குஜிலியம்பாறைப் படம் ஒண்ணு பாதியில நிக்குது, அத முடிக்கணும். படம் எப்பத் திரும்பிப் போகுது?"

"அடுத்த ஞாயிறு."

"அதுக்குள்ள இன்னொரு மட்டம் போ. போயி அந்தாளுகிட்ட, நான் நல்லாருக்கேன்னு சொல்லு."

லைன் அறுந்தது.

7

சனிக்கிழமை போனேன். மல்லிகா தானாகவே கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். எதற்குப் போகிறோம் என்று பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். தமிழில் சொன்னால் அவருக்குப் புரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் ஃபிரெஞ்சுக்காரர், நீ ஆங்கிலத்தில் சொன்னாலும் புரியாதுடி என்றேன்.

அறையில் நல்ல கூட்டம். நாங்கள் ஓரமாக நின்று, படத்துக்கு முன்னால் இடம் விழும் வரை காத்திருந்தோம். நீலம் அன்றைக்கு எனக்கு உறுத்தவில்லை. அழகான நீலம், அதை இதற்குமுன் நான் சரியாகப் பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நிமிடம் நினைத்து, காவலரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன். கையை மட்டும் குவித்துக்கொண்டேன்.

"ஐயா, திண்டுக்கல்லுலருந்து கதிரேசன் சொல்லச் சொன்னான்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. "அவன் நல்லாருக்கான்."